வெறுங்கை முழம் போடுமா?

“வெறுங்கை முழம் போடுமா?” என்பது நம் நாட்டுப் பழமொழி. கையில் பொருள் இல்லாதவன் எதையும் சாதிக்க இயலாது என்பது அதன் கருத்து. அப்பழமொழிக்கு மறுமொழி கூறுவது போல, ஒரு கலைக்கே ‘வெறுங்கை’ என்று பெயரிட்டு விட்டனர் ஜப்பானியர். ‘கரா’ என்றால் வெறுமை; ‘தே’ என்றால் கை. கராத்தே என்னும் சொல்லுக்குப் பொருள் அவ்வளவே.

மாலை வேளையில் பல்கலைக் கழக உடற்பயிற்சிக் கூடத்தின் பக்கம் சென்ற நண்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். பஞ்சாபி மாணவரும், வங்காள மாணவியும், நம் மதுரைத் தோழரும் வெள்ளுடை அணிந்து, வெறுங்காலுடன் ஒரே வரிசையில் நிற்கின்றனர். “இச்சி, நி, சன், ஷி, கோ” என்று எண்ணிக் கொண்டே குத்துகின்றனர். அது தமிழ் எண்ணும் அன்று; இந்தி எண்ணும் அன்று. ஜப்பானியரின் எண் அது. அது இங்கு எப்படி வந்தது? படையோடு வந்ததா? வாணிகத்தோடு வந்ததா? இரண்டும் இல்லை. ஆசிரியர்களோடு வந்தது.

அவ்வாசிரியர்களுள் ஒருவரைப் பற்றி ஈண்டு எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ஹிரோக்கசு கனசாவா. போட்டியில் முதற் பரிசு பெற்றவர், பின்னர் ஆசிரியரானவர், அதன் பின்னர் பல நாடுகளைத் தழுவிய ஒரு கூட்டமைப்பின் தலைவரானவர். இம்மூன்றும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்குள் மனிதன் எவ்வளவு மாற வேண்டியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மாணவர் விடுதியில் வளர்ந்த கலை

கனசாவாவைப் புரிந்து கொள்ள, அவருக்கு முன் வந்த ஒரு பள்ளி ஆசிரியரை அறிந்து கொள்ள வேண்டும். ஜப்பானின் பெருந்தீவுகளுக்கும் தைவானுக்கும் இடையே சங்கிலி போல் கிடக்கும் ரியூக்யூத் தீவுகளுள் பெரியது ஒகினாவா. அத்தீவின் கைச்சண்டையும் சீன நாட்டுப் பயிற்சி முறைகளும் கலந்து உருவானது கராத்தே. அதனைத் தோக்கியோ நகரத்தில் வேரூன்றச் செய்த பெருமை கிச்சின் புனாகோஷி என்பவரைச் சாரும். 1868இல் ஒகினாவாவில் பிறந்த அவர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1922இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் தோக்கியோவில் நடத்திய உடற்கல்விக் கண்காட்சியில் கராத்தேயைச் செய்து காட்டுவதற்காகச் சென்றார். ஜூடோவின் தந்தையான ஜிகோரோ கானோ முதலியோர் வேண்டிக் கொள்ளவே, ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி விட்டார்.

எங்கே தங்கினார் தெரியுமா? ஒகினாவாவிலிருந்து தலைநகருக்குப் படிக்க வந்த மாணவர்களுக்கென ஒரு விடுதி இருந்தது. அதன் காவலராகவும் தோட்டக்காரராகவும் வேலை பார்த்துக் கொண்டு, அங்கே ஒரு சிறு அறையில் வாழ்ந்தார். பகலில் வாசல் பெருக்குவார். ஓய்ந்த நேரத்தில் அவ்விடுதிக் கூடத்தில் கராத்தே கற்பிப்பார். வயதோ ஐம்பதுக்கு மேல்! சொந்த ஊரை விட்டு வந்து, பிற மொழி பேசும் நகரில், ஒரு விடுதியின் கூடத்தை நாடி ஒன்றுகூடும் நமக்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது. கையில் காசில்லை, கட்டடம் இல்லை, கற்க விரும்பிய மாணவர் மட்டும் இருந்தனர்.

அம்மாணவர் வழியாகவே கலை பரவியது. 1924இல் கெய்யோ பல்கலைக் கழகத்தில் முதல் கராத்தே மன்றம் தோன்றியது. பின்னர் வசேதா, தகுஷோகு முதலிய பல்கலைக் கழகங்களும் பின்தொடர்ந்தன. முன்பு ‘சீனக்கை’ என்று பொருள்படும் எழுத்தால் எழுதப்பட்டு வந்த பெயரை, ஒலியை மாற்றாமல் ‘வெறுங்கை’ என்னும் பொருள்பட எழுதும் வழக்கத்தைப் புனாகோஷி நிலைநிறுத்தியதும் இக்காலத்தில்தான். அவர் கவிதை எழுதும்போது இட்டுக் கொண்ட புனைபெயர் ‘ஷோட்டோ’. பைன் மரங்களிடையே காற்று எழுப்பும் அலையோசையை அது குறிக்கும். மாணவரும் அன்பரும் பொருள் திரட்டி அவருக்கு எழுப்பித் தந்த பயிற்சிக் கூடம் அதனால் ‘ஷோட்டோகான்’ எனப் பெயர் பெற்றது. 1945ஆம் ஆண்டு வான் தாக்குதலில் அக்கூடம் அழிந்தது. ஆயினும் அப்பெயர் அழியவில்லை. ஒரு மரபின் பெயராக உலகெங்கும் நிலைத்து விட்டது.

போருக்குப் பின், 1949இல் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி ஜப்பான் கராத்தேச் சங்கத்தை அமைத்தனர். அதன் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் மசதோஷி நகயாமா. அவர் தகுஷோகு பல்கலைக் கழகத்தில் கற்றவர். அதே தகுஷோகுவின் மன்றத்திலிருந்து வந்தவர்தான் நம் கனசாவா.

முறிந்த கையும் முதற் பரிசும்

கனசாவா 1931ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் வடகிழக்கு ஜப்பானிலுள்ள இவாத்தே மாவட்டத்தில் பிறந்தார். இளமையில் ஜூடோ பயின்றார். பல்கலைக் கழக வாழ்விலேதான் கராத்தே அவரை ஆட்கொண்டது. தகுஷோகுவில் பட்டம் பெற்ற பின், ஜப்பான் கராத்தேச் சங்கம் அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார். அதன் தொடக்க கால மாணவருள் அவரும் ஒருவர்.

1957ஆம் ஆண்டு இக்கலையின் வரலாற்றில் ஒரு திருப்பம். ஏப்ரல் மாதத்தில் சங்கத்திற்கு அரசின் ஏற்பு கிடைத்தது. அதே மாதம் 26ஆம் நாள் முதியவர் புனாகோஷி மறைந்தார். அக்டோபர் மாதத்தில் சங்கத்தின் முதல் அனைத்து ஜப்பான் போட்டி தோக்கியோவில் நடைபெற்றது.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் மறைக்கக் கூடாது. புனாகோஷி போட்டியை விரும்பாதவர். கராத்தே பயில்பவன் முதலில் கை ஓங்கலாகாது என்பது அவர் கொள்கை. வெற்றி தோல்விக்காக ஒருவரோடொருவர் பொருதினால் கலையின் உயிர் கெட்டுவிடும் என்று அஞ்சினார். அவர் கண் மூடிய ஆறு திங்களுக்குள் அவர் மாணவரின் மாணவர்கள் போட்டி மேடையில் நின்றனர். இது துரோகமா? வளர்ச்சியா? கனசாவாவின் வாழ்க்கை முழுவதும் இக்கேள்விக்கு அவர் தேடிய விடை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்போட்டியின் முறையைச் சற்று அறிந்து கொள்வோம். கராத்தேயில் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று ‘கட்டா’. எதிரி ஒருவன் முன்னிற்பதாகக் கொண்டு, வகுத்து வைத்த வரிசைப்படி அடித்தும் தடுத்தும் நகர்தல். நம் சிலம்பத்திலும் குத்துவரிசையிலும் இத்தகைய முறைகள் உண்டன்றோ? மற்றொன்று ‘குமித்தே’, இருவர் நேருக்கு நேர் பொருதுதல். அக்கால முறைப்படி, குறி தவறாத ஒரே ஒரு அடி போதும், ஆட்டம் முடிந்துவிடும். அந்த அடியும் எதிரியின் உடலில் படுமுன் மயிரிழையில் நிற்க வேண்டும். வலிமையைக் காட்ட வேண்டும். அதே நொடியில் அடக்கவும் வேண்டும்.

போட்டிக்குச் சில நாட்களே இருந்தபோது பயிற்சியில் கனசாவாவின் கை எலும்பு முறிந்தது. விலகிக் கொள்வதே அறிவுடைமை என்றனர். அவரும் அதற்கு இசைந்திருந்தார். ஆனால் அவர் அன்னையோ, மகனின் ஆட்டத்தைக் காண்பதற்காக ஊரிலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்து வந்திருந்தார். கை முறிந்த செய்தியைக் கேட்ட அன்னை, மற்றொரு கையும் இரண்டு கால்களும் இருக்கின்றனவே, அவை போதாவா என்று கேட்டாராம். கனசாவாவே பின்னாளில் பலமுறை கூறிய நிகழ்ச்சி இது. அவர் களம் இறங்கினார். ஒரு கையால் தடுத்து, காலால் தாக்கி, அந்த முதற் போட்டியின் குமித்தே வெற்றியாளரானார். அப்போது அவருக்கு வயது 26.

அடுத்த ஆண்டு 1958இல் கட்டாப் பிரிவில் முதலிடம் பெற்றார். குமித்தே இறுதியில் அவரை எதிர்த்து நின்றவர் தகயுகி மிகாமி. இருவரும் ஒரே கூடத்தில் ஒன்றாகப் பயின்றவர்கள். ஒருவர் தோள் அசைந்தால் அடுத்து வரும் அடி எது என்பது மற்றவருக்குத் தெரியும். ஒருவரையொருவர் நோக்கிச் சுற்றிச் சுற்றி வந்தனரே ஒழிய, இருவருக்கும் புகுவதற்கு இடம் கிடைக்கவில்லை. முடிவில் இருவரும் வெற்றியாளர் என அறிவிக்கப்பட்டது.

முதலாம் ஆண்டு வெற்றியையே எல்லோரும் வியந்து பேசுவர். எனக்கோ இரண்டாம் ஆண்டு முடிவே அதிகம் பிடித்திருக்கிறது. ஒருவரை வெல்வது பெரிது. தம்மைப் போன்ற ஒருவரை எதிரே உருவாக்கி வைத்திருக்கும் பயிற்சிக் கூடம் அதனினும் பெரிது. வெற்றி வீரனை ஆக்குவது தனி மனிதனின் ஆற்றல் மட்டுமன்று என்பதை அந்த முடிவுறாத ஆட்டம் காட்டிவிட்டது.

மேடையிலிருந்து வகுப்பறைக்கு

வெற்றிக் கோப்பையுடன் நின்றுவிட்டிருந்தால் கனசாவாவைப் பற்றி நாம் இன்று எழுத வேண்டியதில்லை. எத்தனையோ போட்டிகள், எத்தனையோ வீரர்கள்! ஆனால் அவர் பெற்ற பயிற்சி வேறு நோக்கம் உடையது. நகயாமா வகுத்த ஆசிரியர் பயிற்சியில் அடியும் உதையும் மட்டும் கற்பிக்கப்படவில்லை. உடலியல், உளவியல், பயிற்று முறை ஆகியனவும் பாடங்கள். சண்டையிடத் தெரிந்தவனைக் கொண்டு ஆசிரியனை உருவாக்க வேண்டும்; அந்த ஆசிரியனை அயல்நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்டம்.

அத்திட்டப்படி 1961இல் கனசாவா ஹவாய்த் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். அதே ஆண்டில் ஒக்கசாகி என்பார் பிலடெல்பியாவிற்கும், நிஷியாமா என்பார் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கும் சென்றனர். போர் முடிந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். பேர்ல் துறைமுகம் இருக்கும் அதே ஹவாயில் ஒரு ஜப்பானியர் கைப்போர்க் கலை கற்பிக்கச் செல்வதென்றால் எளிதா? ஆனால் அவர் கற்பித்ததோ முதலில் வணங்கி, இறுதியிலும் வணங்கும் கலை.

1965இல் தகேஜி கசே, கெய்னொசுகே எனோயேடா, ஹிரோஷி ஷிராய் ஆகிய மூவருடன் கனசாவா நாடு பல சுற்றிக் கராத்தேயைச் செய்து காட்டினார். அந்நால்வரின் பயணம் ஐரோப்பிய இளைஞரிடையே பெரும் ஆர்வத்தை எழுப்பியது. காலப்போக்கில் கசே பிரான்சிலும், ஷிராய் இத்தாலியிலும், எனோயேடா பிரிட்டனிலும் நிலைத்துக் கற்பித்தனர். கனசாவா லண்டனில் தங்கிக் கற்பித்தார். பின்னர் ஜெர்மனியிலும் பணியாற்றினார்.

அயல்நாட்டில் கற்பிப்பவனுக்கு ஒரு சோதனை உண்டு. மொழி தெரியாது, உவமை கூறி விளக்க இயலாது. உடம்பே பாட நூலாக நிற்க வேண்டும். கனசாவாவின் அசைவுகள் தெளிவும் அழகும் உடையவை என்று அவரிடம் பயின்றோர் கூறுவர். மென்மையான அசைவுகளைக் கொண்ட தைச்சி என்னும் சீனப் பயிற்சியையும் அவர் கற்றார். ஜப்பானில் அதனைக் கற்பித்து வந்த யாங் மிங்ஷி என்பவர் அவருக்கு ஆசான். வெற்றி வீரர் ஒருவர், புகழ் பெற்ற பின்னரும் மற்றொருவர் முன் மாணவராக நின்றார் என்பது எண்ணத் தக்கது.

பிரிவும் பிறப்பும்

எழுபதுகளின் பிற்பகுதியில் கனசாவா தாம் வளர்ந்த சங்கத்தினின்றும் விலக நேர்ந்தது. 1978இல் ஷோட்டோகான் கராத்தே-தோ பன்னாட்டுக் கூட்டமைப்பை நிறுவினார். அப்போது அவர் ஐம்பதை நெருங்கிக் கொண்டிருந்தார். பட்டமும் பதவியும் தந்த தாய் அமைப்பு பின்னே நின்றது. முன்னே என்ன இருந்தது? மீண்டும் வெறுங்கைதான்! இல்லை, ஒன்று இருந்தது. பல ஆண்டுகளாக அவர் நாடு நாடாகச் சென்று உருவாக்கிய மாணவர்கள் இருந்தனர். அவர்களே அக்கூட்டமைப்பின் முதல்.

பிரிந்து போவதை நாம் போற்ற வேண்டுமா? ஒரு சங்கம் இரண்டாவது, இரண்டு நான்காவது நம் ஊர்களில் நாம் காணாத காட்சியா? கராத்தே உலகம் இந்நோயினால் மிகவும் வருந்தியது. 1987இல் நகயாமா மறைந்தார். அவர் நடத்திய சங்கமே பின்னர் இரு கூறாகி, உரிமை யாருக்கு என்ற வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1999இல்தான் முடிவுற்றது. வெறுங்கையால் பகைவனைத் தடுக்கக் கற்றவர்கள், மன்றத்திற்குள் எழுந்த பகையைத் தடுக்க இயலாமற் போயினர். கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்ததற்கு, உலகக் கராத்தே அமைப்புகள் பல கூறாகக் கிடந்ததும் ஒரு காரணம். தோக்கியோவில் இடம்பெற்ற அக்கலை, 2024 பாரிசுப் போட்டியில் மீண்டும் இடம்பெறவில்லை.

ஆகவே கனசாவாவின் பிரிவையும் குறையில்லாத நிகழ்ச்சி என்று நான் கூற மாட்டேன். பிரிந்தவர் பிரிந்த பின் என்ன செய்தார் என்பதைக் கொண்டே அப்பிரிவை அளக்க வேண்டும். ஏசிக் காலம் கழித்தாரா? எழுப்பிக் காட்டினாரா? கனசாவா எழுப்பிக் காட்டினார்.

அமைப்பு நிற்பது எதனால்?

அவர் எழுப்பியது எப்படி நின்றது என்பதை மூன்று கூறுகளாக்கிக் காணலாம்.

முதலாவது, அளவுகோல். கராத்தேயில் தொடக்க மாணவர்க்குக் ‘கியூ’ நிலைகள் உண்டு. அவை பெரிய எண்ணில் தொடங்கி ஒன்று வரை இறங்கும். பின்னர்க் கறுப்புக் கச்சை. அதன் பின் ‘டான்’ நிலைகள் ஒன்றிலிருந்து ஏறும். ஜூடோவிலிருந்து கராத்தே கடன் பெற்ற முறை இது. லண்டனில் ஒரு மாணவர் பெறும் முதல் டானும், ஆப்பிரிக்காவில் ஒரு மாணவர் பெறும் முதல் டானும் ஒரே தகுதியைக் குறிக்க வேண்டும். இல்லையேல் சங்கம் சான்றிதழ் விற்கும் கடையாகி விடும். அதனாலேதான் தேர்வு, தேர்வாளர், பாடத்திட்டம் என்பவை பன்னாட்டு அமைப்புக்கு உயிர்நாடி.

இரண்டாவது, ஆசிரியரை உருவாக்கும் ஆசிரியர். தலைவர் ஒருவரே எல்லா ஊரிலும் கற்பிக்க இயலாது. ஆனால் தலைவர் முகத்தையே காணாத ஊரில் பற்று வளராது. கனசாவா ஆண்டுதோறும் நாடு நாடாகச் சுற்றினார். மேடையில் மாலை வாங்கிக் கொண்டு திரும்பவில்லை. வெள்ளுடை அணிந்து, வெறுங்காலுடன் முன் நின்று, தாமே செய்து காட்டினார். முதுமையிலும் இப்பழக்கத்தை அவர் கைவிடவில்லை. தலைவரின் நாற்காலி பயிற்சிக் கூடத்திற்கு வெளியே போய்விட்டால், அமைப்பின் உயிரும் வெளியே போய்விடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மூன்றாவது, திறந்த மனம். தம் ஷோட்டோகான் மரபில் இல்லாத, பிற மரபுகளுக்குரிய செய்யென்சின், செய்பாய் போன்ற கட்டாக்களையும் தம் கூட்டமைப்பின் பாடத்தில் சேர்த்தார். தன் மரபில் உறுதி உடையவனுக்குப் பிறர் மரபைக் கண்டு அச்சம் எதற்கு?

1983இல் அக்கூட்டமைப்பின் முதல் உலகப் போட்டி தோக்கியோவில் நடைபெற்றது. கிளைகள் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் உள்ளன என்று கூட்டமைப்பு கூறுகிறது. கனசாவா பத்தாம் டான் என்னும் மிக உயர்ந்த நிலையை எய்தினார். 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8ஆம் நாள், தம் 88ஆம் வயதில் மறைந்தார். இன்று அவருடைய மகன் நொபுவாக்கி கனசாவா கூட்டமைப்பின் தலைவராக இருக்கிறார். அவரும் போட்டிகளில் வென்று பயிற்சியாளராக உயர்ந்தவர். ஆயினும், தந்தைக்குப் பின் மகன் என்பது ஒரு மன்றத்திற்கு ஏற்ற முறையா என்று கேட்பாரும் இருக்கக்கூடும். கேள்வி தவறில்லை. தலைவர் எவ்வாறு வந்தார் என்பதை விட, கடைக்கோடி ஊரில் புதிதாகச் சேர்ந்த மாணவனுக்கு நல்ல ஆசான் கிடைக்கிறாரா என்பதே அதற்குரிய விடையாக இருக்க முடியும்.

நம் கையில் என்ன இருக்கிறது?

நண்பர்களே, போட்டியில் வெல்பவன் ஒரு நாளைக்கு வெல்கிறான். அவன் தன் எதிரே நிற்பவனைத் தோற்கச் செய்ய வேண்டும். ஆசிரியனோ எதிரே நிற்பவனைத் தன்னளவுக்கு உயர்த்த வேண்டும். அமைப்பின் தலைவனுக்கு இன்னும் அரிய கடமை. தான் இல்லாத நாளிலும் அந்த வேலை நடக்கச் செய்ய வேண்டும். முதலாவதற்கு வலிமை போதும். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். மூன்றாவதற்குத் தன்னை மறைத்துக் கொள்ளும் மனம் வேண்டும். ஒரே வாழ்நாளில் இம்மூன்றையும் கற்க முயன்றவர் கனசாவா. அதில் அவர் முழு வெற்றி பெற்றாரா என்பதைக் காலந்தான் கூற வேண்டும்.

நாம் இங்கே இரண்டு ஆண்டுகளோ, நான்கு ஆண்டுகளோ இருப்போம். நம் சங்கத்தின் செயலாளரும் பொருளாளரும் பட்டம் பெற்றுப் போய்விடுவர். பொங்கல் விழாவில் பரிசு பெற்ற பேச்சாளரை ஓராண்டு நினைவில் வைத்திருப்போம். அடுத்த ஆண்டு மறப்போம். ஆனால் மேடை ஏற அஞ்சிய ஓர் இளைய மாணவரை அருகில் அமர்த்திப் பேசப் பழக்கியவர் யாரோ, அவருடைய வேலை சங்கத்தோடு நிற்கும். பரிசு பெற்றவரும் அவரும் ஒருவராகவே இருந்துவிட்டால் அதனினும் சிறப்பு வேறில்லை.

ஒகினாவா மாணவர் விடுதியில் வாசல் பெருக்கிய முதியவரிடம் பொருள் இல்லை. முதற் போட்டியில் நின்ற இளைஞரிடம் முழுதாக இரு கைகளும் இல்லை. எனினும் அவர்கள் எண்ணிய எண்ணொலியை இன்று நம் உடற்பயிற்சிக் கூடத்தில் கேட்கிறோம். இனி அப்பக்கம் போகும்போது சற்று நின்று பாருங்கள். முன்வரிசையில் வேகமாகக் குத்துபவரை மட்டும் பார்க்க வேண்டா. பின்வரிசையில் தடுமாறும் புதியவரின் முழங்கையைப் பிடித்துத் திருத்திக் கொண்டிருப்பாரே ஒருவர், அவரையும் பாருங்கள். வெறுங்கை முழம் போடுவது அங்கேதான்.